யானைகள் போன பிறகு சர்க்கஸ் பார்ப்பது எப்படி

சர்க்கஸ் ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், எதிலிருந்து தொடங்கினாலும் பேச்சு சீக்கிரம் யானையில் வந்து நிற்கும். யானை கிரிக்கெட் ஆடியது, மணியடித்துச் சிவலிங்கத்துக்குப் பூசை செய்தது, சிங்கங்கள் கூண்டுக்குள் ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்து உறுமியது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, விலங்குகளைத் தடை செய்தார்கள், சர்க்கஸ் அழிந்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். சிறு வயதில் ஊர் மைதானத்துக்கு வந்த கூடாரங்களையும், வேலைக்குப் போன பிறகு பக்கத்து மாவட்டங்களுக்கு வந்தவற்றையும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவரும் எங்கள் சிறு நண்பர் வட்டத்திலும் இந்தத் தீர்ப்புக்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கஸின் இறக்கத்துக்கு விலங்குத் தடை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால், இன்று ஒரு கூடாரத்துக்குள் போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் இந்தத் தொழில் இங்கே எப்படி வேர்விட்டது என்று பார்த்துவிடலாம். குதிரைப் பயிற்சியில் பெயர்பெற்ற விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் பம்பாயில் தொடங்கிய 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்'தான் இந்தியர் நடத்திய முதல் சர்க்கஸாகக் கொள்ளப்படுகிறது. இத்தாலியரான சியாரினியின் குழு இங்கு வந்தபோது, இந்தியர்களால் இப்படியொன்றை நடத்த முடியாது என்று சொல்லப்பட்டதற்குப் பதிலாகத்தான் அவர் அதைத் தொடங்கினார் என்ற கதையை எந்தக் கூடாரத்திலும் இன்றும் கேட்கலாம். ஆனால் சத்ரேயின் கூடாரத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த ஊர் என்றால் அது கேரளத்தின் தலச்சேரிதான். களரியும் உடற்பயிற்சியும் கற்ற கீலேரி குஞ்ஞிக்கண்ணன், பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். சத்ரேயின் குழுவோடு ஏற்பட்ட தொடர்புக்குப் பிறகு சர்க்கஸ் வித்தைகளைக் கற்றுத்தரத் தொடங்கி, 1901-இல் சிறக்கரையில் அதற்கென ஒரு பள்ளியையே நிறுவினார். அவருடைய மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும்தான் அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு இந்தியச் சர்க்கஸின் முதுகெலும்பாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான எம்.வி. சங்கரன் 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் 'ஜெமினி சர்க்கஸ்' என்ற பெயரில் முதல் காட்சியை நடத்தினார்; அந்தக் குழு 1964-இல் சோவியத் நாட்டில் நடந்த சர்வதேச சர்க்கஸ் விழாவுக்குப் போனது; 1977-இல் 'ஜம்போ சர்க்கஸ்' குழுவும் அவர் கைக்கு வந்தது. இந்த வரலாற்றில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஓர் ஊரையும் ஒரு பயிற்சி முறையையும் சுற்றியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு யானையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதுதான் ரசிகர்களின் பழக்கம்.

விலங்குத் தடை ஒரே நாளில் வந்ததும் அல்ல. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, எந்தெந்த விலங்குகளைக் காட்சிக்குப் பழக்கக்கூடாது என்று பட்டியலிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதன்படி 1991-இல் வந்த அறிவிக்கை நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது. 1998 அக்டோபரில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் குறித்துப் புதிய அறிவிக்கை வந்தது. 2000-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. (2011-இல் காளையும் இதே பட்டியலில் சேர்க்கப்பட்டதால்தான் ஜல்லிக்கட்டு வழக்கு அந்தத் திசையில் போனது என்பது சர்க்கஸ் பக்கமே வராதவர்களுக்கும் தெரிந்திருக்கும்.) யானை இந்தப் பட்டியலில் இல்லை. 2013-இல் மத்திய விலங்குக்காட்சியக ஆணையம் எடுத்த முடிவுக்குப் பிறகுதான் அவை கூடாரங்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. பட்டியலில் இருந்த சிங்கங்களும் புலிகளும் வண்டலூர், பன்னேர்கட்டா போன்ற இடங்களில் அமைந்த மீட்பு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து பிறந்தவை பல அவற்றில் இருந்ததால், அங்கே அவற்றை இனப்பெருக்கம் செய்ய விடவில்லை.

இந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து. எங்கள் வட்டத்தில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு. காட்சி முடிந்ததும் கூடாரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்த எந்த ரசிகருக்கும், சங்கிலியில் கட்டிய யானை நின்ற இடத்திலேயே நாள் முழுவதும் தலையை ஆட்டி ஆட்டி அசைவது தெரியும். சிறுவர்கள் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். அடைபட்ட விலங்குக்கு வரும் மன உளைச்சலின் அடையாளம் அது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அரங்கத்துக்குள் இருந்த நன்மையையும் மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. விலங்குக் காட்சிகள் இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொண்டன, மனிதர்களின் வித்தை நலிந்துகொண்டு வந்ததை நெடுங்காலம் மறைத்தும் வைத்தன. சிங்கங்கள் இருந்த தொண்ணூறுகளிலேயே வார நாட்களின் இரவுக் காட்சிகளில் கேலரி பாதி காலியாகக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும், ஊருக்கு வந்த ஒரே வேடிக்கை என்ற இடத்தைச் சர்க்கஸ் இழந்துவிட்டது. அந்த வீழ்ச்சிக்கு நீதிமன்றம் பொறுப்பல்ல.

நான் சொன்ன இரண்டு பெரிய காரணங்களில் முதலாவது மைதானம். பெரிய கூடாரம் ஒன்றுக்கு வித்தை நடக்கும் வட்டமும் கேலரியும் மட்டும் போதாது. கலைஞர்கள் தங்கும் சிறு கூடாரங்கள், சமையலிடம், லாரிகள், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் சேர்ந்து ஒரு சிறு கிராமத்துக்கான இடம் வேண்டும். அந்த இடம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருந்தவரை, சாயங்காலம் கடைத்தெருவுக்கு வந்த குடும்பம் அப்படியே சர்க்கஸுக்குள் நுழைந்தது. ஊர் நடுவில் இருந்த அந்த மைதானங்கள் வணிக வளாகங்களாகவும் பேருந்து நிலைய விரிவாக்கமாகவும் மாறிய பிறகு, கூடாரம் புறவழிச்சாலைக்குத் தள்ளப்பட்டது. அங்கே போக வண்டி வேண்டும், இரவுக் காட்சி முடிந்து திரும்பவும் வண்டி வேண்டும். வானத்தில் சுழன்று ஊரையே கூப்பிட்ட சர்ச் லைட் வெளிச்சமும் நகரத்தின் விளக்குகளுக்கு நடுவே காணாமல் போயிற்று. இவற்றோடு காவல் துறை, தீயணைப்பு, மின்சாரம், மாநகராட்சி என்று ஒவ்வோர் ஊரிலும் புதிதாக வாங்க வேண்டிய அனுமதிகளும் உண்டு. மழையில் ஒரு வாரம் போனால் முகாமே நட்டத்தில் முடியும். 500 ரூபாய் வரையிலான சர்க்கஸ் சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது என்பது ஓரளவு ஆறுதல், ஆனால் காலி இருக்கைக்கு வரிவிலக்கு இருந்து என்ன பயன்?

இரண்டாவது காரணம் ஆள். பார் எனப்படும் உயரத்து ஊஞ்சல் கம்பியில் ஆடுவதற்கும், உடலை வில்லாக வளைப்பதற்கும், கம்பியில் நடப்பதற்கும் எலும்பு இறுகுவதற்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும் என்பது தொழிலின் நம்பிக்கை. அதன் பெயரால் வறுமைப்பட்ட குடும்பங்களின் சிறுமிகள், முக்கியமாக நேபாளத்திலிருந்து, ஒப்பந்தம் என்ற பேரில் கொண்டுவரப்பட்டுக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தார்கள். அவர்களில் பலர் பட்ட துன்பம் வெளியே வந்தபோது வழக்கானது; 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. விலங்குத் தடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இது முன்னதைவிட அவசியமான உத்தரவு. ஆனால் குழந்தைகளை வெளியே எடுத்த பிறகு, பள்ளிப் படிப்போடு சேர்த்து முறையாகப் பயிற்சி தரும் நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். சீனாவிலும் ரஷ்யாவிலும் அப்படித்தான் இருக்கின்றன. இங்கே 2010-இல் கேரள அரசு தலச்சேரியில் தொடங்கிய சர்க்கஸ் அகாடமி சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இன்று கூடாரத்தில் நீங்கள் பார்க்கும் கலைஞர்களில் மணிப்பூர், அசாம், நேபாளம், எத்தியோப்பியா, தான்சானியா என்று பல இடத்தவர் இருப்பார்கள். தலச்சேரிக்காரர்கள் இருந்தால் பெரும்பாலும் மேலாளர் மேசையிலோ, கயிறு இழுக்கும் இடத்திலோதான் இருப்பார்கள்.

இந்த நிலைமையில்தான் 2020-இன் பொதுமுடக்கம் வந்தது. 1920-இல் தொடங்கிய கிரேட் பாம்பே சர்க்கஸ் தன் நூறாவது ஆண்டில் நம் மன்னார்குடியில் கூடாரத்தோடு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஊர்க்காரர்களின் அரிசியும் பருப்பும்தான் அவர்களைக் காப்பாற்றின. ராம்போ சர்க்கஸ் அதே ஆண்டில் நிகழ்ச்சியைப் படமெடுத்து, சீட்டு வைத்து இணையத்தில் காட்டியது. புத்திசாலித்தனமான முயற்சிதான், ஆனாலும் தரைக்கும் பாருக்கும் நடுவில் இருக்கும் உயரத்தை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் 2016-இல் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது. அதன் பிறகு கூட்டம் குறைந்து 2017 மே மாதம் மூடியது. 2023-இல் விலங்குகளே இல்லாமல் மறுபடி தொடங்கியது. விலங்கு போனால் சர்க்கஸ் போகும் என்பவர்கள் 2017-ஐச் சொல்வார்கள், நான் 2023-ஐச் சொல்வேன்.

இனி, பார்ப்பது பற்றி. யானை வந்தால் எங்கிருந்தும் தெரியும், கவனம் எதுவும் தேவையில்லை. மனித வித்தை அப்படியல்ல. எங்கே உட்காருகிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதே காட்சி சாதாரணமாகவும் தெரியும், அற்புதமாகவும் தெரியும்.

தலச்சேரியில் ஓய்வுபெற்ற பார் கலைஞர் ஒருவரை நாங்கள் சந்தித்தோம். தமிழ்நாட்டு முகாம்களில் பழகிய தமிழில், மலையாளம் கலந்து பேசினார்; நாங்கள் அவரைச் சேச்சி என்றே அழைத்தோம். தாவுகிறவரை எல்லாரும் பார்க்கிறார்கள், பிடிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை என்பது அவருடைய குறை. அன்றிலிருந்து நான் பிடிப்பவரையே பார்க்கிறேன். அவர் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தன் ஊஞ்சலின் வீச்சைத் தாவுகிறவரின் வீச்சோடு பொருத்துகிறார். பிடி விரல்களில் விழுவதில்லை, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுகிறார். அந்தப் பிடி விழும் நொடியில் இருவரும் ஏறக்குறைய அசைவற்ற உச்சியில் இருக்க வேண்டும். பாருக்குப் பக்கத்தில் உயரத்தில் கட்டிய மேடையில் நிற்கும் மூன்றாமவர் இன்னும் கவனிக்கப்படாதவர். தாவியவர் திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய காலிப் பாரைச் சரியான கணத்தில் விடுவது அவர் வேலை. ஒரு நொடி தாமதமானால் தாவியவர் வலையில்தான் விழுவார். வலையில் விழுவதும் ஒரு வித்தைதான்: முதுகில் விழ வேண்டும், காலை ஊன்றினால் கணுக்கால் போய்விடும். பாரிஸில் 1859-இல் ழூல் லியோத்தார் பறக்கும் பாரை முதன்முதலில் ஆடிக் காட்டியபோது பிடிப்பவர் என்று எவரும் இல்லை. அவர் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குத் தாவினார். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு வளர்ந்த கூட்டு வித்தை.

ஆகவே பார் ஆட்டத்துக்கு விலை உயர்ந்த முன்வரிசை நாற்காலி உதவாது. அங்கே உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், தாவலின் தூரமும் தெரியாது. இரண்டு மேடைகளுக்கும் நடுவில், பக்கவாட்டில், கேலரியின் பாதி உயரத்தில் உட்கார்ந்தால் வீச்சு முழுவதும் ஒரு கோடாகத் தெரியும். நாற்காலிச் சீட்டை விடக் கேலரிச் சீட்டு மலிவு என்பது ரசிகனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். தரையில் நடக்கும், பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை, உடல் வளைப்பு, சைக்கிள் போன்றவற்றுக்கு மட்டும் முன்வரிசை நல்லது.

அந்த வட்டத்தின் அளவையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மரபான வட்டத்தின் குறுக்களவு 42 அடி. லண்டனில் 1768-இல் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லியின் காலத்தில் நிலைபெற்றது அது. சுற்றி ஓடும் குதிரையின் முதுகில் ஒருவர் நிற்க, மையவிலக்கு விசை கைகொடுக்கும் அளவு அதுவே. குதிரைக்காகப் பிறந்த வட்டம் இன்று குதிரை இல்லாத கூடாரங்களிலும் அப்படியே இருக்கிறது.

ஜோக்கர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. குள்ளமாக இருப்பதையே சிரிப்பாக்கும் பழைய துணுக்குகள் எனக்குப் பிடிப்பதில்லை, பல கூடாரங்களில் அவை இன்னும் ஓடுகின்றன. ஆனால் பார் ஆட்டத்தின் நடுவே தடுமாறி, கால்சட்டை கழன்று, கத்திக்கொண்டே தாவும் ஜோக்கரை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள். ஒழுங்காகத் தாவுவதைவிடத் தப்பாகத் தாவுவது கடினம். அந்த வேடத்தைக் குழுவிலேயே தேர்ந்த ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எனக்கு எப்போதும் வெறும் சத்தமாகவே பட்டிருக்கிறது. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் புகையும் இரைச்சலும் எட்டாத இடத்தில் உட்கார்வது நல்லது.

போகும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முகாம் தொடங்கிய முதல் சில நாட்களில் சில வித்தைகள் இன்னும் கட்டி முடிந்திருக்காது. கடைசி நாட்களில் சிலர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியே எங்கள் வழக்கம். கூட்டம் நிறைந்திருந்தால் கலைஞர்களின் ஆட்டத்திலேயே அது தெரியும். பகல் காட்சியில் அவர்கள் உடம்பைச் சேமித்துக்கொண்டிருப்பார்கள், அதில் தவறும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழிகள் எத்தனை, அவை எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருவதை நாங்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். பெங்களூரில் 1981 பிப்ரவரி 7 அன்று ஒரு கூடாரம் தீப்பற்றியதில் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1944-இல் நடந்த தீவிபத்தில், மழைநீர் இறங்காமலிருக்கப் பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசிய துணியும், வழியை அடைத்து நின்ற விலங்குக் கூண்டுப் பாதையும் சேர்ந்துதான் அத்தனை உயிர்களைக் குடித்தன. இன்றைய கூடாரத் துணி வேறு, விதிகளும் வேறு. இருந்தாலும் நுழைந்த வழியிலேயே எல்லாரும் திரும்ப ஓடுவார்கள் என்பது மாறவில்லை; பக்கவாட்டு வழிக்கு அருகில் உள்ள கேலரியே நல்லது.

கலைஞர்களோடு பேச விரும்பினால் வார நாளில் போங்கள், மேலாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பின்பக்கத்தில் இருக்கும் சிறு கூடாரங்கள் அவர்களுடைய வீடுகள். கொடியில் துணி காயும், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், அங்கே கைபேசியை நீட்டிக்கொண்டு நுழைவது எந்த வீட்டுக்குள்ளும் அப்படி நுழைவதற்குச் சமம். சம்பளம் எவ்வளவு, கஷ்டமா, வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்ற கேள்விகளை அவர்கள் ஒவ்வோர் ஊரிலும் கேட்டுச் சலித்திருப்பார்கள். இரண்டாவது சுற்றில் கையை ஏன் மாற்றிப் பிடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். இலவசச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள். அதிகாரிகளுக்கும் உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் கொடுத்தே பாதி நாற்காலிகள் போய்விடுகின்றன.

கடைசியாக நோட்டீஸ்கள். இந்தியச் சர்க்கஸ் வரலாற்றில் பாதி, ஜீப்பிலிருந்து வீசி எறியப்பட்ட மெல்லிய வண்ணத் தாள்களில் இருக்கிறது: எந்தக் குழு எந்த ஊரில் இருந்தது, எந்த வித்தையை முன்னால் போட்டார்கள், சீட்டு என்ன விலை, காட்சி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் வட்டத்தில் ஒருவர் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். விலங்குகளின் படங்கள் சுருங்கிச் சுருங்கி, வெளிநாட்டுக் கலைஞர்களின் படங்கள் பெரிதாகிக்கொண்டே வந்ததை அந்தக் கட்டைப் புரட்டினாலே பார்க்கலாம். அவற்றை வகைப்படுத்துவதில் அவருக்கு இருக்கும் ஒரே தலைவலி, நோட்டீஸில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. உங்கள் கைக்கு ஒன்று வந்தால் மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்து, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் ஆண்டையும் மைதானத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். பேனா மை மறுபக்கத்துக்கு ஊறிவிடும்.